ஆசை எழாத நாற்பத்தெட்டு நாள்

நேற்று மதியம் எனக்குக் கொடுத்த கங்கோங் கீரையில் பெலாச்சான் போட்டிருந்தார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. சைவச் சாப்பாடு கேட்டேன், கீரை கொடுத்தார்கள். தட்டைக் கொண்டுவந்த கான்ஸ்டபிளும், "கீரைதானே அங்கிள், சைவம்தான்" என்று நல்ல மனதோடுதான் சொன்னார். பெலாச்சான் என்பது கூனி இறாலை உப்பிட்டு அரைத்து வெயிலில் காயவைப்பது. இந்த நாட்டில் கீரை வதக்கும் கை தானாகவே அதில் ஒரு துண்டைக் கிள்ளிப் போட்டுவிடும். போட்டவருக்கே போட்டது நினைவிருக்காது. தட்டு கதவருகே வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கீரையை ஓரமாக ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைச் சாப்பிட்டேன்.

இன்ஸ்பெக்டர் ஃபர்ஹானாவுக்கு நல்ல தமிழ் வரும். அவர் என்னிடம் முக்கியமாக ஒரு கேள்விதான் கேட்டார். "அங்கிள், அந்த மூக்கு திரும்ப வராதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா? ஒரு வார்த்தைல சொல்லிட்டா நான் டீ குடிக்கப் போயிருவேன்."

ஒரு வார்த்தையில் சொல்லலாம். ஆனால் ஓர் இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று தெரியாதவரிடம், அது ஏன் நின்றது என்று சொல்லிப் பயனில்லை. அதனால் காகிதம் கேட்டேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு ஒரு கட்டைக் கொடுத்தார். "எழுதுங்க. மலாய்ல மாத்திக்கறோம்."

மாற்றப்போகிறவருக்கு ஒரு வேண்டுகோள். இதில் ஆசை என்ற சொல் அடிக்கடி வரும். எல்லா இடத்திலும் ஒரே மலாய்ச் சொல்லைப் போட்டால் நல்லது. நான் ஒரே பொருளில்தான் எழுதியிருக்கிறேன்.

என் பெயர் நாகையா. வயது அறுபத்து மூன்று. கிள்ளானில் தனியாக இருக்கிறேன். மனைவி ஜொகூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். அங்கே கோழி சமைக்கலாம். ஷா ஆலமில் இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தொன்பது ஆண்டு வேலை பார்த்தேன், கடைசிப் பன்னிரண்டு ஆண்டு சூப்பர்வைசராக. இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சைவம். ஒருநாளும் ஆசை எழுந்ததில்லை. எங்கள் வட்டாரத்துச் சைவ உணவுச் சங்கத்தின் செயலாளர் நான்தான். டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கூடம் இருக்கிறது.

சென்ற ஆண்டு சங்கத்துக்காக ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினேன். நான்கே வரிகள். சைவ உணவில் மனிதர் நலமாக வாழலாம். வேண்டிய சத்தெல்லாம் கிடைக்கும். பல நோய்கள் தள்ளிப்போகும். பழகியவருக்கு இறைச்சி மேல் ஆசை எழுவதே இல்லை.

சங்கத் தலைவர் சுகுமாறன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சிவப்புப் பேனாவோடு அதைப் படித்தார். "மூணு வரி கரெக்ட், நாகையா. நாலாவது வரிதான் இடிக்குது. தைப்பூசத்துக்கு மறுநாள் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைங்க பக்கம் நீங்களும்தானே வந்திருந்தீங்க? நாப்பத்தெட்டு நாள் விரதம் இருந்தவன் எல்லாம் ஆட்டுக்கறிக்கு வரிசையில நிக்கறான்லா."

போயிருந்தேன்தான். அந்த ஆண்டு தைப்பூசத்துக்கு மறுநாள் கொமுட்டர் ரயில் ஏறிப் போய், பதினொரு மணி முதல் இரண்டு மணி வரை எண்ணினேன். இருநூற்றுப் பதினான்கு பேர். அதில் ஒன்பது பேர் எங்கள் சங்கத்தவர்கள். சுகுமாறனும் ஒருவர், என்னைப் பார்த்துக் கையசைத்தார். தூரத்திலிருந்து எண்ணினால் பிழை வரும் என்பதால் வரிசைக்குள் நின்றே எண்ணினேன். என் முறை வந்ததும் விலகிக்கொண்டு, மறுபடி கடைசியில் போய் நின்றேன். இப்படி மூன்று தடவை.

"'ஆசை குறையும்'னு போட்டுருங்க. யாரும் கேக்கமாட்டாங்க" என்றார் சுகுமாறன்.

ஒரு வால்வு பெரும்பாலும் மூடியிருக்கிறது என்றால் அது திறந்திருக்கிறது என்றுதான் பொருள். அந்த வரியை மாற்ற எனக்கு மனமில்லை. அது உண்மையா என்று சோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன். அடுத்த தைப்பூசத்துக்கு விரதம் இருக்கப்போகிறவர்களில் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டேன். நாற்பத்தெட்டு நாளும் காலையில் கூடத்துக்கு வந்துவிட வேண்டும். பஜனை, காலை உணவு, கையில் மதியப் பொட்டலம், பிறகு அவரவர் வேலை. சாயங்காலம் படிவம் நிரப்பித் தர வேண்டும்.

உடம்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் யாருக்கும் சண்டை இல்லை. பருப்பு, கொண்டைக்கடலை, கீரை, சோயாப்பால் கட்டியான தௌஃபூ, பிறகு தெம்பே இவற்றை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். தெம்பே என்பது சோயாவை நொதிக்கவைத்துக் கட்டியாக்குவது. பாசாரில் இலையில் மடித்து விற்பார்கள். கீரையோடு எலுமிச்சை பிழிந்தால் அதிலுள்ள இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால் எடுத்துக்கொள்ளாது. அதனால் தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தேன். பி பன்னிரண்டு என்கிற சத்து செடிகொடிகளில் இல்லை, அதற்கு மாத்திரை. முதல் நாளும் நாற்பத்தைந்தாம் நாளும் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். பத்துப் பேருக்கு முன்பைவிட நன்றாக இருந்தது, இருவருக்கு முன்பு போலவே இருந்தது. லோரி ஓட்டும் பிரவினுக்குத் தொப்பை இறங்கி, சீட் பெல்ட் சரியாகப் பொருந்தியது. ஆகவே மனிதர் சைவத்தில் நலமாக வாழலாம். இதைச் சட்டப்படியே நிரூபித்திருக்கிறேன்.

மிச்சம் இருந்தது நாலாவது வரி.

படிவத்தில் ஒரே கேள்வி: இன்று இறைச்சி, மீன், நண்டு, முட்டை இவற்றில் எதன் மீதாவது ஆசை எழுந்ததா? எழுந்தால் எவ்வளவு? பூஜ்யம் முதல் பத்து வரை. கீழே குறிப்பு எழுத இரண்டு கோடு. முதல் வாரம் பெரும்பாலும் மூன்று, நான்கு என்று வந்தது. இரண்டாவது வாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தேன். ஏறியது. பன்னிரண்டு பேரில் ஏழு பேர் ஐந்தைத் தாண்டினார்கள். பிரவின் எழுதினார்: "எட்டு. லோரிய காஜாங் பக்கம் ஓட்டினேன். சாத்தே கறி சுடற புகை ஜன்னல் வழியா வந்துருச்சி."

எல்லாரையும்விட அதிகம் எழுதியவர் சந்திரகலா. கணவர் இல்லை; மகள் மலர் கடல் தாண்டி சபா மாநிலத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மகளுக்கு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டவர்; அது அப்படியே முடிந்திருந்தது. கிள்ளான் கடைத்தெருவில் இருபது ஆண்டுகளாக மசாலா அரவை மில் வைத்திருந்தார். மிளகாய், மல்லி, சோம்பு எல்லாவற்றையும் தானே வறுப்பார். வறுக்கும்போது வாணலியைப் பார்க்க மாட்டார்; வாசலைப் பார்த்து வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருப்பார். பேச்சின் நடுவில் சட்டென்று அடுப்பை அணைப்பார். அது சரியான வினாடியாக இருக்கும். நானே பல தடவை கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

பதின்மூன்றாம் நாள் படிவத்தில் அவர் எழுதியிருந்தார்: "பத்து. நண்டு. பக்கத்து வீட்டு ஆன்டி சமைத்தார். நான் சுவர் ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மன்னிக்கவும், அண்ணே. பத்துக்கு மேல் இடம் இல்லை."

அன்றிரவு எல்லாப் படிவங்களையும் மேசையில் பரப்பிக் குறிப்புகளை மட்டும் படித்தேன். முப்பத்தேழு குறிப்புகள். முப்பத்து மூன்றில் புகை, வாசம், தாளிப்பு என்று ஏதோ ஒரு வகையில் மூக்கு இருந்தது. வயிறு ஒன்றில்கூட இல்லை. யாருக்கும் பசியில்லை, பலவீனமும் இல்லை. அப்படியானால் ஆசை உடம்பின் தேவை அன்று, மூக்கின் பழக்கம்.

இது எப்படி வேலை செய்கிறது என்று நீங்களே பார்க்கலாம். கண்ணையும் மூக்கையும் நன்றாக மூடிக்கொண்டு ஒரு துண்டு ஆப்பிள், ஒரு துண்டு பச்சை வெங்காயம் சாப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். நாக்குக்கு இனிப்பு, உப்பு, புளிப்பு என்று ஐந்தாறு சங்கதிதான் தெரியும். வாயின் பின்பக்கத்தில் மூக்குக்கு ஒரு வழி இருக்கிறது. மெல்லும்போது காற்று அந்த வழியாக மேலே போகிறது. மேலே, இரு கண்களுக்கும் நடுவே, தபால்தலை அளவு ஓரிடத்தில் நரம்புகள் காத்திருக்கின்றன. ஆட்டுக்கறி என்று நாம் சொல்வது அந்தத் தபால்தலையில் எழுதியிருக்கிறது. இவ்வளவு பெரிய மனிதன் இவ்வளவு சின்ன இடத்தை வைத்துக்கொண்டு படும் பாட்டை நினைத்தால் எனக்கு எப்போதுமே வியப்புதான்.

அப்போதுதான் ரெங்கசாமி நினைவுக்கு வந்தார்.

ரெங்கசாமி எங்கள் தொழிற்சாலையில் முலாம் தொட்டிப் பக்கம் நின்றவர். தொட்டியிலிருந்து எழும் ஆவியில் ஓர் உப்பு இருக்கும். முகக்கவசம் கொடுத்திருந்தோம், வெக்கைக்கு யாரும் போடமாட்டார்கள். கேண்டீன் சாப்பாட்டைப் பற்றி எல்லாரும் என்னிடம் புகார் செய்வார்கள், ரெங்கசாமி மட்டும் செய்யமாட்டார். கேட்டால், "எனக்குக் கோழியும் ஒண்ணுதான், கோசும் ஒண்ணுதான், பாஸ்" என்பார். பிறகு கோழியை நிறுத்தியேவிட்டார், அதனால் பயனில்லை என்று. விரதமில்லாமல், வேண்டுதல் இல்லாமல், சங்கம் இல்லாமல் ஒரு மனிதர் முழுச் சைவமாகிவிட்டார். அதன் அருமை அன்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு செந்தூலில் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். அவர் வேலையை விட்டுப் பதினோரு ஆண்டு ஆகியிருந்தது. "மூக்கு எப்படி?" என்று கேட்டேன். "போனது போனதுதான், பாஸ். பேத்தி பொறந்தப்ப தூக்கிக் குடுத்தாங்க. தலைய மோந்து பாத்தேன். பேப்பர மோந்த மாதிரி இருந்துச்சு" என்றார். ஆள் நல்ல ஆரோக்கியமாக இருந்தார். எழுபது வயதுக்குச் சர்க்கரை கூட இல்லை.

இன்ஸ்பெக்டரின் கேள்விக்குப் பதில் இந்த இடத்தில் வருகிறது. தெரியும்.

அந்த உப்பின் பெயரையும் அளவையும் இங்கே எழுதவில்லை. ஆய்வுக்கூடத்து ஆட்களிடம் சொல்லியிருக்கிறேன். சரியாகப் புரிந்துகொள்ளாமல் யாராவது செய்து பார்த்தால் ஆபத்து.

கொடுத்த விதத்தைச் சொல்கிறேன். விரதம் என்று சொல்லிவிட்டால் எங்கள் மக்கள் காரணம் கேட்பதில்லை. குழுவுக்குத் தலைவராக இருப்பவர் சொல்வதெல்லாம் விரதத்தில் சேர்ந்துவிடும். ஒரு குழு தலையணை வைக்காது. ஒரு குழு வீட்டுக் கண்ணாடிக்குத் துணி போட்டு மூடும். இந்தப் பழக்கத்தை நான் உருவாக்கவில்லை. முதல் நாளிலிருந்தே எல்லாருக்கும் காலையில் நசியம் உண்டு, மூக்குக்கு இரண்டு சொட்டு நல்லெண்ணெய். அது பழைய வைத்திய முறைதான், கெடுதல் இல்லை. பதினைந்தாம் நாள், ஆசை ஐந்தைத் தாண்டிய ஏழு பேருக்கு மட்டும் எண்ணெயை நிறுத்திவிட்டு நீர்ச்சொட்டு கொடுத்தேன். சற்று எரியும். எரிந்தால் விரதம் பலிக்கிறது என்று பிரவின் மற்றவர்களிடம் சொன்னார். நான் சொல்லவில்லை.

சம்மதம் வாங்கினீர்களா என்று கேட்கிறார்கள். வாங்கினேன். முதல் நாள் கையெழுத்திட்ட தாளில், "என் ஆசைகள் நீங்க மனமார ஒப்புக்கொள்கிறேன்" என்று தெளிவாக இருக்கிறது.

இருபத்து மூன்றாம் நாள் ஏழு பேரும் பூஜ்யம் போட்டார்கள். சுகுமாறன் படிவங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "என்னலா பண்ணீங்க? சந்திரகலாவுக்கும் சைபரா?"

"பழக்கம்தான் தலைவரே" என்றேன்.

"அப்போ நாலாவது வரி நிக்கட்டும்" என்று சொல்லிச் சிவப்புப் பேனாவை மூடிவைத்தார். அடுத்த வாரமே அச்சுக்குக் கொடுத்தோம்.

சந்திரகலா மகிழ்ச்சியாகத்தான் இருந்தார். "அண்ணே, மீன் பாசார்ல நடந்து போறேன், கல்யாண மண்டபத்துல நடக்கற மாதிரி இருக்கு. முருகன் அப்படியே உருவி எடுத்துட்டாரு" என்று எல்லாரிடமும் சொன்னார். முப்பத்தோராம் நாள் பஜனை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, யார்கிட்டயும் சொல்லாதீங்க. நேத்து மல்லி கருகிருச்சு. புகை வந்து கண்ணு எரியுது, அப்பதான் திரும்பிப் பாக்கறேன், கருப்பா கெடக்கு. மூக்குக்கு ஒண்ணுமே தெரியலே."

"விரதத்துல புலன் ஒடுங்கும், கலா. நல்ல அறிகுறி."

"ஒடுங்கட்டும். ஆசைக்குத்தானே ஒடுங்கணும்? மல்லிக்கு ஏன் ஒடுங்குது? முருகனுக்கு மல்லி எது, நண்டு எதுன்னு வித்தியாசம் தெரியாதா?"

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அன்றோடு சொட்டை நிறுத்தியிருந்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும் என்று மருத்துவர் சொல்கிறாராம். இருக்கலாம். ஆனால் நாற்பத்தெட்டு நாள் சோதனையை முப்பத்தோராம் நாளில் நிறுத்தினால் அதற்குப் பெயர் சோதனை அன்று. மீதிப் பதினேழு நாளும் கொடுத்தேன்.

தைப்பூசம் நன்றாக நடந்தது. சந்திரகலா பத்துமலையில் பால்குடம் எடுத்தார். அந்த வாரச் சனிக்கிழமை மதியம் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அண்ணே, இத நீங்க சாப்பிட வேணாம். சைவக்காரர்கிட்ட கேக்கறது பாவம்தான், அந்தப் பாவம் என் தலையில இருக்கட்டும். மோந்து மட்டும் சொல்லுங்க. இதுல வாசம் இருக்கா, இல்லையா?"

நண்டுக் குழம்பு. அவர் சொன்னார்: விரதம் முடித்து ஆசையாகச் சமைத்தாராம், சுடுதண்ணீரைக் குடித்த மாதிரி இருந்ததாம். போனது மூக்கா, கையா என்று அவருக்குத் தெரிய வேண்டும். கையென்றால் திருத்திக்கொள்ளலாம். மூக்கென்றால் மில்லை மூடிவிட வேண்டியதுதான். அக்கம்பக்கத்தில் கேட்க முடியாது. "மில்லுக்காரிக்கு மூக்கு போச்சுன்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும்லா, சாயங்காலம் கடைத்தெரு முழுக்கத் தெரிஞ்சிரும். உங்களத்தான் நம்பி வந்தேன்."

நான் மூடியைத் திறந்தேன். இதை ஒரு தொழில்நுட்பக் குறிப்பாக மட்டும் எழுதுகிறேன். முதலில் வந்தது மிளகு. வறுத்து உடனே இடித்த மிளகு, அதனால் அதன் எண்ணெய் இன்னும் பறந்துபோகவில்லை. அடுத்து சோம்பு. கறிவேப்பிலை மொறுமொறுப்பாகும் தறுவாயில் அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. இவற்றுக்கெல்லாம் அடியில், ஓட்டுக்குள்ளிருந்து, கடல் இனிப்பாக ஏறி வந்தது. மூக்கே இல்லாமல், கைப்பழக்கத்தை மட்டும் வைத்து அந்தப் பெண் இதைச் செய்திருந்தார். என் வாயில் நீர் ஊறியது. அது அனிச்சைச் செயல். எலுமிச்சையைப் பார்த்தாலும் ஊறும்.

இருக்கிறது என்று சொன்னால் மூக்கு போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். மருத்துவரிடம் போவார். பிரசுரம் ஐயாயிரம் படி அச்சாகி வந்திருந்தது.

"இல்லை, கலா. வாசமே இல்லை" என்றேன்.

அவர் முகம் தெளிந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "அப்போ மூக்கு சரியாத்தான் இருக்கா?"

"மூக்கு சரியாத்தான் இருக்கு. நாப்பத்தெட்டு நாள் நண்டத் தொடாத கை. கொஞ்சம் விட்டுப்போயிருக்கு."

"கைய திருத்திக்கலாம், அண்ணே" என்றார். டப்பாவை எடுத்துக்கொள்ள மறந்து போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்தார். சோம்பைக் கூட்டியிருந்தார். இல்லை என்றேன். அதற்கடுத்த வாரம் நண்டை மாற்றி, போர்ட் கிள்ளான் போய் உயிர் நண்டாகப் பார்த்து வாங்கிவந்திருந்தார். இல்லை என்றேன். அவருக்கு இடையிடையே சந்தேகம் வராமல் இல்லை.

"மல்லிகைப்பூகூட வாசம் இல்லையே, அண்ணே?"

"இப்ப வர்ற பூவெல்லாம் ஐஸ் பெட்டியில ஏரோப்ளேன் ஏறி வர்றது. அதுல ஏது வாசம்?"

"நேத்து பாலத்துல நின்னேன். கிள்ளான் ஆறே நாறலே."

"சுத்தம் பண்ணிட்டு இருக்காங்கல்ல."

"அப்படியா? நல்லாத்தான் பண்ணியிருக்காங்க" என்றார்.

மில்லில் அவர் கை கூடிக்கொண்டே போனது. வாசம் போதவில்லை என்று நினைத்து மசாலாவில் பட்டையையும் கிராம்பையும் அள்ளிப் போட்டார். வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பிறகு வராமலே போனார்கள். ஒன்பதாவது வாரம் மில்லை மூடினார். "கை வரட்டும் அண்ணே, அப்புறம் தெறந்துக்கலாம்" என்றார். பத்தாவது வாரமும் குழம்பு வந்தது.

பதினோராவது வாரம் மலர் அம்மாவுக்குச் சொல்லாமல் சபாவிலிருந்து விமானம் ஏறி வந்திருக்கிறாள். அப்போதுதான் சந்திரகலா எனக்கு டப்பாவைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியிருந்தார். பையைக்கூட இறக்காமல் மலர், "என்னம்மா, நண்டா? ரெண்டு தெரு தள்ளி வாசம் தூக்குது, அத புடிச்சுகிட்டே வந்தேன்" என்றாளாம். சந்திரகலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம்.

இருவரும் நேராக என் வீட்டுக்கு வந்தார்கள். மறைக்க எதுவும் இல்லாததால் நான் கதவைத் தாழிடுவதில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் சோறு, குழம்பு, ஓடுகளுக்கு ஒரு தனித் தட்டு. பெரிய கொடுக்கை உடைத்து உறிஞ்சிக்கொண்டிருந்த நேரம்.

சந்திரகலா வாசற்படியிலேயே நின்றார். கத்தவில்லை. "வாசம் இருந்துச்சா, அண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

வாயில் இருந்ததால் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

மற்றது உங்களுக்குத் தெரியும். மருத்துவமனையில் சோதித்தார்கள், நரம்பு செத்துவிட்டது என்றார்கள், மூக்கில் என்ன விட்டீர்கள் என்று கேட்டார்கள். ஏழு பேரையும் வரவழைத்தார்கள். பிரவினின் லோரியில் ஒயர் கருகிப் புகைந்தது அவருக்குத் தெரியவில்லை என்றும், பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஹாரன் அடித்து நிறுத்தினார் என்றும் இங்கே வந்த பிறகுதான் கேள்விப்பட்டேன். வருத்தம்தான். சுகுமாறன் ஒருநாள் பார்க்க வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஒரு வரிய அடிச்சிருந்தா முடிஞ்சிருக்கும்லா, நாகையா" என்றார். ரத்தப் பரிசோதனை முடிவுகளை மட்டும் தனியாக வெளியிடலாமா என்றும் கேட்டார். வெளியிடலாம் என்றேன்.

மலரும் ஒருமுறை வந்தாள். "பதினோரு வாரமும் எங்கம்மா அழுதுகிட்டேதான் சமைச்சாங்க, அங்கிள்" என்றாள். சில வாரங்களில் உப்பு சற்றுக் கூடியிருந்தது உண்மைதான்.

குழம்பை ஏன் சாப்பிட்டீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது, வீணாக்கக் கூடாது என்பதற்காக என்றேன். அது முழுப் பதில் அன்று. மூக்கின் முடிவை நாக்கால் சரிபார்க்க வேண்டும். ஒரே ஒரு முறை சரிபார்த்துவிட்டு முடிவுக்கு வருவது அறிவியல் அன்று. அதனால் பதினோரு முறை. ஆசை என்பது வேறு. அது எனக்கு எழுவதில்லை.

சந்திரகலா வழக்கறிஞர் மூலமாக ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார்: எந்தெந்த வாரம் வாசம் இருந்தது? இதைக் கவனமாக மொழிபெயர்க்கவும். எல்லா வாரமும் இருந்தது. பதினோரு முறையும் நான் பொய் சொன்னேன். ஏழு பேரின் மூக்கை நான்தான், தெரிந்தே, திரும்ப வராத விதமாக எடுத்தேன். கையில் ஒரு குறையும் இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள். ஏழாவது வாரத்துக் குழம்பை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அவர் மறுபடி மில்லைத் திறந்தால், பக்கத்தில் நின்று மோந்து சொல்ல நம்பிக்கையான ஒரு மூக்கு வேண்டியிருக்கும். மகளோ சபாவில் இருக்கிறாள். நான் வெளியே வந்த பிறகு, அவருக்குச் சம்மதம் என்றால், சனிக்கிழமைகளில் எனக்கு வேறு வேலை எதுவும் இல்லை.